முகம் 3 நடிகைகளுக்கு. குரல் ஒரே பெண்ணுக்கு!

களவு போனது நகை இல்லை, பணம் இல்லை. ஒரு பெண்ணின் குரல்! போலீசில் புகாரும் இல்லை. ஏனென்றால் பறிகொடுத்தவரே "வெளியே சொல்ல மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

அவர் பெயர் மார்னி நிக்சன். அமெரிக்கப் பாடகி. 1930-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். ஹாலிவுட்டின் 3 பெரிய படங்களில், 3 பெரிய நடிகைகளுக்குப் பாடினார். படங்கள் ஓடின. இசைத்தட்டுகள் விற்றன. திரையில் அவர் பெயர் மட்டும் வரவே இல்லை.

உச்சக் குரல்

மேல்நாட்டில் குரலை அதன் உயரம் பார்த்துப் பிரிக்கிறார்கள். பெண் குரல்களில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது 'சொப்ரானோ'. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், மேல் ஸ்தாயியில் சிரமமே இல்லாமல் நின்று பாடும் குரல்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பாட்டு நாடகங்களுக்கு மவுசு அதிகம். பழைய நாளில் மேடையில் மைக் கிடையாது. வாத்தியக் கோஷ்டி முழங்கும். அதையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் நம்ம மேடையை ஆண்டார்களே, அது மாதிரிதான். அதனால் கதாநாயகி தனியாகப் பாடும் பாட்டுக்கள் பலவற்றை இந்த உச்சக் குரலுக்கென்றே எழுதினார்கள்.

நாடகம் சினிமா ஆனபோது வந்தது வில்லங்கம். படம் ஓடப் பேர் பெற்ற அழகி வேண்டும். அழகிக்கோ அந்தக் குரல் இல்லை. என்ன செய்வது? கூப்பிடு மார்னியை!

மிரட்டல்

1956-ல் வந்தது 'தி கிங் அண்ட் ஐ'. சயாம் அரண்மனைக்குப் பாடம் சொல்ல வரும் ஆங்கிலேய ஆசிரியையாக டெபோரா கெர் நடித்தார். மார்னி கூடவே இருந்து ஒத்திகை பார்த்தார். டெபோரா எங்கே மூச்சு விடுகிறார், எந்த எழுத்தை அழுத்துகிறார் என்று கவனித்து, அவரே பாடுவது போலப் பாடினார். ஒட்டுப் போட்டது யாருக்கும் தெரியவில்லை.

"இது வெளியே தெரிந்தால் இந்த ஊரில் உனக்கு வேலையே கிடைக்காது" என்கிற ரீதியில் படக் கம்பெனி மிரட்டியதாக மார்னி பின்னாளில் டெலிவிஷன் பேட்டியில் சொன்னார்.

அந்த வேலைக்கு அவர் வாங்கிய கூலி எவ்வளவு தெரியுமா? 420 டாலர்! அந்த நம்பருக்கு நம்ம ஊரில் என்ன அர்த்தம் என்று டீக்கடைப் பையனுக்கும் தெரியும்.

கடைசியில் ரகசியத்தைப் போட்டு உடைத்தவர் வேறு யாருமில்லை, டெபோரா கெர்தான்! பத்திரிகைக்காரரிடம் அவரே மார்னியின் பெயரைச் சொல்லிவிட்டார். நல்ல மனசு.

கால் டாலர்

1961-ல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'. கதாநாயகி நடாலி உட். அவர் தன் பாட்டுக்களைத் தானே பாடிப் பதிவு செய்தார். படத்தில் தன் குரல்தான் வரப்போகிறது என்று நம்பிக் கொண்டிருந்தார். படப்பிடிப்பு முடிந்த பிறகே விஷயம் தெரிந்தது.

வழக்கமாகப் பாட்டு முதலில், வாயசைப்பு அப்புறம். இங்கே தலைகீழ். நடாலி தன் பாட்டுக்கு ஏற்கெனவே வாயசைத்து நடித்து முடித்துவிட்டார். அந்த உதட்டைப் பார்த்துப் பார்த்து மார்னி பாட வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, ஒரு கூட்டுப் பாட்டில் ரீட்டா மொரீனோவுக்கும் அவரே பாடினார். ஒரே பாட்டில் 2 பெண்கள், தொண்டை ஒன்றுதான்!

இந்தத் தடவை மார்னி சும்மா இருக்கவில்லை. இசைத்தட்டு வருமானத்தில் பங்கு கேட்டார். தயாரிப்பாளர்கள் கையை விரித்துவிட்டார்கள். இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 100 டாலருக்குக் கால் டாலர். தொகை சின்னது. ஆனாலும் "இது உன் உழைப்பு" என்று ஒருவர் ஒத்துக்கொண்டாரே, அது பெரிசு.

கிடைக்காத பரிசு

1964-ல் 'மை ஃபேர் லேடி'. தெருவில் பூ விற்கும் எலிசாவின் கதை. மேடையில் 1956 முதல் அந்த வேடத்தில் பாடி அசத்தியவர் ஜூலி ஆண்ட்ரூஸ். படத்துக்கு அவரை எடுக்கவில்லை. சினிமாவில் பேர் பெற்ற ஆட்ரி ஹெப்பர்னைப் போட்டார்கள். ஆட்ரியும் பயிற்சி எடுத்துப் பாடினார். அதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மார்னியின் குரலைச் சேர்த்தார்கள்.

விஷயம் கசிந்தது. ஆட்ரியின் பெயர் ஆஸ்கார் போட்டிக்கே போகவில்லை. சிறந்த நடிகை பரிசு 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக யாருக்குப் போனது? அதே ஜூலி ஆண்ட்ரூசுக்கு!

இன்னொரு வேடிக்கை. அதே 1964-ல் நியூயார்க் மேடையில் மார்னி தன் சொந்தப் பெயரில் எலிசாவாக நடித்துப் பாடினார். மேடையில் பெயர் உண்டு, சினிமாவில் இல்லை.

முகம் தெரிந்தது

1965-ல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் கன்னியாஸ்திரிகளில் ஒருவராக மார்னி வந்தார். அதன் கதாநாயகி ஜூலி ஆண்ட்ரூஸ். தனக்குக் கிடைக்காத வேடத்துக்குக் குரல் கொடுத்தவர் என்று கோபப்படவில்லை. தானே வந்து கை குலுக்கினாராம்.

2016-ல் மார்னி காலமானார். வயது 86. அவர் பாடிய பாட்டுக்களை உச்சக் குரல் பெண்கள் நாடகத் தேர்வுகளுக்கு இன்றும் தயார் செய்கிறார்கள். படத்தைப் பார்த்துப் பாடிப் பழகும் பெண்ணுக்கு வாத்தியார் யார்? டெபோராவும் இல்லை, நடாலியும் இல்லை, ஆட்ரியும் இல்லை.

ஃபைலை எழுதியவர் குமாஸ்தா, பாராட்டு மேலதிகாரிக்கு என்பது நமக்குப் புதுசு இல்லை. ஆனால் பாட்டு விஷயத்தில் நாம் கொஞ்சம் யோக்கியம். ரேடியோவில் பாட்டுப் போடும்போதே பாடியவர் பெயரைச் சொல்லிவிடுவோம்.

இந்தப் படங்களில் ஒன்று உங்கள் வீட்டு டெலிவிஷனில் வந்தால் ஒன்று செய்யுங்கள். பாட்டு ஆரம்பிக்கும்போது நீங்களே சொல்லிக் கொள்ளுங்கள்: பாடியவர் மார்னி நிக்சன்.