பெரிய ரிம், மெல்லிய டயர்: ஹைப்ரிட் வாங்குவோர் கவனத்துக்கு

நாமக்கல்லில் பழைய லாரிக்கு விலை பேச வருகிறவர் முதலில் குனிந்து டயரைப் பார்ப்பார். பட்டன் எவ்வளவு மிச்சம், தேய்மானம் உள்பக்கமா வெளிப்பக்கமா, ரீட்ரெட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். பாடி கட்டும் பட்டறைகளும் எரிவாயு டேங்கர்களும் நிறைந்த ஊர். டயர் அறிவு அங்கே பரம்பரைச் சொத்து. அதே ஊரில் வீட்டுக்கு ஹைப்ரிட் கார் எடுக்கும்போது மட்டும் அந்த அறிவு ஷோரூம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ரிம் பெரிதாக இருக்கும் டாப் மாடல்தான் ஓட்டவும் உசத்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சேலம், நாமக்கல் பக்கம் ஓடப்போகிற வண்டிக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னோவா ஹைகிராஸை எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பரில் அறிமுகமான இந்த வண்டியில் கீழ்நிலை வேரியன்ட்களுக்கு 205/65 ஆர் 16 டயர். உச்ச வேரியன்ட்டுக்கு 225/50 ஆர் 18. முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம். அடுத்தது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கணக்குப் போட்டால் 16 அங்குல ரிம்முக்கும் தரைக்கும் நடுவே 133 மில்லிமீட்டர் ரப்பர் இருக்கிறது. 18 அங்குலத்தில் சுமார் 112 மட்டுமே. சக்கரத்தின் மொத்த விட்டமோ 673, 682 என்று கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது ரிம் வளர்ந்த அளவுக்கு ரப்பரும் காற்றும் குறைந்திருக்கின்றன.

அங்குலத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டுக்கும் 16 அங்குல ரிம்தான். 185/55 டயர் என்பதால் பக்கச்சுவர் 102 மில்லிமீட்டர். கிராண்ட் விட்டாராவுக்கும் ஹைரைடருக்கும் 17 அங்குலம். 215/60 என்பதால் 129 கிடைத்துவிடுகிறது. விலைப் பட்டியலில் தேட வேண்டியது இந்த நடு எண்ணை.

பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் டயர் நெளியாது, வண்டி சட்டென்று திரும்பும். உளுந்தூர்பேட்டை சாலையில் வேகமாக லேன் மாறுகிறவருக்கு இந்தத் துல்லியம் பிடிக்கும். ஆனால் நம் ஓட்டத்தில் பாதி நான்குவழிச் சாலைக்கு வெளியே. வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை, பாலத்தின் முனையில் இறங்கிப்போன தார், மழைக்குப் பிறகு தண்ணீர் நின்று ஆழம் தெரியாத பள்ளம். இவற்றில் உயரமான டயர் அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். குட்டை டயரில் அந்த அடி ரிம்முக்குப் போகிறது. பக்கச்சுவரின் உள்நூல் அறுந்து டயரில் கொப்புளம் கிளம்பினால், பட்டன் புதிதாக இருந்தாலும் அந்த டயரைத் தூக்கிப்போடத்தான் வேண்டும்.

மைலேஜுக்காக ஹைப்ரிட் எடுக்கிறவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பெரிய அலாயும் அகல டயரும் பொதுவாக எடை கூடியவை. அந்த எடை சக்கரத்தின் விளிம்பில் சுழல்வதால், நின்று நின்று கிளம்பும் டவுன் ஓட்டத்தில் ஒவ்வொரு தடவையும் மோட்டார் கூடுதலாக உழைக்கிறது.

ஸ்டியரிங் கதை வேறு. பழைய இன்னோவாவில் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங். என்ஜின் ஓடினால்தான் அதன் பம்ப் ஓடும். ஹைப்ரிட்டில் சிக்னலில் என்ஜின் அணைந்துவிடும், மெதுவாக நகரும்போதும் பல நேரம் அணைந்தே இருக்கும். அதனால் 1997-ல் ஜப்பானில் வந்த முதல் பிரியஸ் ஹைப்ரிட்டிலேயே மின்மோட்டார் உதவும் ஸ்டியரிங்கைப் பொருத்தினார்கள். சுஸுகி அதை 1988-லேயே செர்வோ காரில் கொண்டுவந்திருந்தது. ரிம் பெரிதானால் இங்கேயும் விலை உண்டு. அகலமான டயர் சக்கரக் குழிக்குள் உரசாமலிருக்கத் திருப்பும் கோணத்தைக் குறைக்க நேரிடும். மூன்றாம் தலைமுறை பிரியஸில் 15 அங்குல வண்டியைவிட 17 அங்குல வண்டி முழுவட்டம் அடிக்க ஏறத்தாழ 2 அடி அகலம் கூடுதலாகக் கேட்டது. சேலம் டவுன் கடைவீதியில் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் பின்னெடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த 2 அடியின் மதிப்பு தெரியும்.

மின் ஸ்டியரிங் இலகுவானது, அதில் ஒரு ஆபத்தும் உண்டு. அலைன்மென்ட் லேசாகத் தவறியிருந்தால் பழைய வண்டி ஒருபக்கம் இழுத்து கைக்குச் சொல்லிவிடும். மோட்டார் உதவும்போது அந்தச் சேதி மழுங்கிவிடுகிறது. கண்டுபிடிக்க லாரிக்காரர்களின் வழிதான் நல்ல வழி. வண்டியை நிறுத்தி, முன் டயரின் பட்டன்மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் ரம்பப் பல்லைப்போல உரசினால் டோ கோணம் தவறியிருக்கிறது, நேரே அலைன்மென்ட் கடைக்குப் போக வேண்டியதுதான்.

இந்த ஹைப்ரிட்களின் முன் டயருக்கு வேலை அதிகம் என்பதைக் கொல்லிமலையில் இறங்கும்போது பார்க்கலாம். காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டி இவ்வளவு இறங்கினால் நாலேகால் யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். ஹைரைடரின் பேட்டரி மொத்தமே முக்கால் யூனிட். வழியில் பாதி ஆற்றல் வீணானாலும் மலை முடியும் முன்பே அது நிரம்பிவிடும். அதன்பின் மோட்டார் முன்போல் வேகத்தை இழுத்துப் பிடிக்காது. கியரை ‘B’ நிலையில் வைத்தால் என்ஜின் கொஞ்சம் தாங்கும், மிச்சமெல்லாம் பிரேக். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் மோட்டாரின் பிடிப்பும், பிரேக்கின் பெரும்பங்கும், வளைவில் திருப்பும் வேலையும் அதே இரண்டு முன் டயர்களின் தலையில்தான். மலைக்குக் கிளம்பும் முன் அவற்றைப் பார்க்காமல் போகாதீர்கள்.

காற்றை விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். காலை 25 டிகிரியில் 30 psi என்று காட்டிய டயர், ஓடி 60 டிகிரிக்குச் சூடானால் 35-ஐத் தொடும். அதைப் பார்த்துப் பயந்து மத்தியானம் காற்றை இறக்கினால், மறுநாள் காலை குறைந்த காற்றில் ஸ்டியரிங் கனக்கும், டயரின் இரு ஓரங்களும் தேயும்.

முதல் செட் டயர் மொட்டையாகி மாற்றப் போகும்போது, “ஒரு சைஸ் ஏத்திப் போட்டுக்கலாங்க, வண்டி நல்லா நிக்கும்” என்று கடையில் சொல்வார்கள். வேண்டாம். டிரைவர் கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையே கேளுங்கள். அளவுக்குப் பக்கத்தில் வரும், டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோடு இன்டெக்ஸ் எண்ணும் பழைய டயரில் இருந்ததைவிடக் குறையக் கூடாது. ஹைகிராஸ் என்றால் குடும்பத்தோடு ஏழு பேர் ஏறுகிற வண்டி.