முதலில் தெரு, பிறகுதான் கடை

மான்செஸ்டருக்குத் தெற்கே ஒரு சின்னப் பட்டணத்தின் கடைத்தெருவில் நானும் என் கணவரும் பலசரக்குக் கடை நடத்துகிறோம். பால், பாண், செய்தித்தாள், லாட்டரிச் சீட்டு, இணையத்தில் வாங்கிய பொதிகளை எடுத்துக் கொடுப்பது, மின்சார மீட்டர் அட்டைக்குக் காசு ஏற்றிக் கொடுப்பது என்று ஒரு சிறு கடை செய்யக்கூடிய வேலை எல்லாம் செய்கிறோம். ‘சிறு கடைகளை ஆதரியுங்கள்’ என்ற சுவரொட்டி நகரசபையிலிருந்து அவ்வப்போது வரும். நானும் கண்ணாடியில் ஒட்டிவைப்பேன். அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர் என்று ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியாது. சனங்கள் வங்கிக்கு வந்தார்கள், வைத்தியரிடம் வந்தார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வந்தார்கள். வந்த வழியில் எங்களிடம் பால் வாங்கினார்கள். இத்தனை வருட வியாபாரத்தில் நான் கற்றது இவ்வளவுதான்.

பிரிட்டனில் ஊருக்கு ஊர் ‘ஹை ஸ்ட்ரீட்’ என்று ஒரு பெரிய கடைத்தெரு உண்டு. இறைச்சிக் கடை, மருந்துக் கடை, தபாலகம், வங்கி, நூலகம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். அந்தத் தெருக்கள் ஒரே நாளில் சாகவில்லை. கேட்ஸ்ஹெட்டில் 1986இல் மெட்ரோசென்டர், ஷெஃபீல்டில் 1990இல் மெடோஹால், எங்கள் பக்கத்தில் 1998இல் ட்ராஃபர்ட் சென்டர் என்று நகரங்களுக்கு வெளியே பெரும் கடைத்தொகுதிகள் வந்தன. அங்கே மழையில் நனையத் தேவையில்லை, கார் நிறுத்தக் காசும் இல்லை. பிறகு இணைய வியாபாரம் வந்தது. 2009 ஜனவரிக்குள் உல்வொர்த்ஸ் நிறுவனம் தன் 800க்கும் மேற்பட்ட கடைகளை மூடியபோது ஏறத்தாழ 27,000 பேருக்கு வேலை போனது. பல ஊர்களில் தெருவின் நடுவில் இருந்த ஆகப் பெரிய கட்டடம் அதுதான். அது இருண்டதும் இரண்டு பக்கக் கடைகளும் ஆட்டம் கண்டன.

எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிடப் பெரிய அடி வங்கிகள் போனது. 2015க்குப் பிறகு நாடு முழுவதும் 6,000க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டிருக்கின்றன. எங்கள் தெருவின் கடைசிக் கிளையும் மூடியபோது காலைக் கூட்டம் அப்படியே இல்லாமல் போனது. ஓய்வூதியம் எடுக்க வரும் வயதானவர்கள் வரிசையில் நின்று கதைப்பார்கள். பிறகு இறைச்சிக் கடை, பாண் கடை, கடைசியாக எங்கள் கடை என்று ஒரு சுற்றுப் போய் பஸ் ஏறுவார்கள். வங்கி இல்லையென்றால் அந்தச் சுற்றும் இல்லை. இறைச்சிக் கடைக்காரர் நல்ல இறைச்சிதான் விற்றார். அவரும் மூடிவிட்டார்.

‘விலையைக் குறைத்தால் சனம் வரும்தானே’ என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய சூப்பர்மார்க்கெட் வாங்கும் விலை எங்களுக்குக் கிடைப்பதில்லை. சில வாரங்களில் மொத்த வியாபாரியிடம் நாங்கள் கொடுக்கும் விலையைவிட, சூப்பர்மார்க்கெட் அலமாரியில் சோடாவும் பிஸ்கட்டும் மலிவாக இருக்கும். அங்கே போய் வாங்கிவந்து தங்கள் கடையில் அடுக்குகிற ஆட்களை எனக்குத் தெரியும். விலையில் மோதினால் தோற்பது நாங்கள்தான். நாங்கள் விற்கக்கூடியது பக்கத்தில் இருப்பதையும், முகம் தெரிந்திருப்பதையும்தான். அதற்கு ஆள் முதலில் தெருவுக்கு வரவேண்டும்.

சரி, தெருவில் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. வாடகை ஏன் இறங்குவதில்லை? இது எனக்கு நெடுநாள் புரியாத கணக்கு. பல கட்டடங்களின் சொந்தக்காரர் ஊரில் இல்லை. யாரோ ஒரு முதலீட்டு நிறுவனம், லண்டனிலோ வெளிநாட்டிலோ இருக்கும். கட்டடத்தின் மதிப்பை அதில் வரக்கூடிய வாடகையை வைத்துத்தான் போடுகிறார்கள். வாடகையைப் பாதியாக்கினால் காகிதத்தில் கட்டடத்தின் விலையும் சரியும். அதைக் காட்டி எடுத்த வங்கிக் கடனுக்கு ஆபத்து வரும். எனவே குறைந்த வாடகைக்கு விடுவதைவிடப் பூட்டி வைத்திருப்பது சிலருக்கு இலாபமாக இருக்கிறது. இதற்கு மேல் கட்டட வரி. விற்றது எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை. கட்டடத்தின் வாடகை மதிப்பைத்தான் பார்க்கும். இங்கிலாந்தில் ஆண்டு மதிப்பு 12,000 பவுணுக்கு மேற்படாத ஒரேயொரு கடை வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு, 15,000 வரை படிப்படியான சலுகை. அதற்கு மேலே உள்ள கடைக்காரர் வெறும் கல்லாவோடு இருந்தாலும் கட்டத்தான் வேண்டும்.

இந்த வாடகைக் கதையில் எங்கள் ஆட்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி போன்ற இடங்களில் கடை எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கடைக்காரர்கள் ஓய்வுபெற்று, பிள்ளைகள் எடுத்து நடத்தாமல் விட்ட கடைகள் பல. வாடகை தாங்கக்கூடியதாக இருந்தது. முதல் எங்கிருந்து வந்தது? சீட்டுப் பிடித்து, சொந்தக்காரரிடம் கைமாற்று வாங்கி, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து. இன்று சேலையும் நகையும் முருங்கைக்காயும் தோசையும் தேடி எங்கிருந்தோ எல்லாம் சனம் அந்தத் தெருக்களுக்கு வருகிறது. புதிதாக வருகிறவர் காலெடுத்து வைக்க இடமிருந்தால் தெரு தானே பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு நாங்களே சாட்சி. நாங்கள் கடை எடுக்க யோசித்தபோது வெம்பிளியில் பழம் தின்று கொட்டை போட்ட ஓர் அண்ணை சொன்னார்: “முதல்ல சனம் போற தெருவோ எண்டு பாரும், தங்கச்சி. வாடகையைப் பேந்து கேளும்.”

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. சில்லறை வியாபார நிபுணர் மேரி போர்ட்டஸ் 2011 டிசம்பரில் 28 பரிந்துரைகளோடு ஓர் அறிக்கை கொடுத்தார். 2012இல் முதல்கட்டமாக 12 ஊர்களுக்குத் தலா 100,000 பவுண் வரை ஒதுக்கினார்கள். பூத்தொட்டி, விழா, விளம்பரம் என்று செலவான இடங்களும் உண்டு. விழா முடிந்த அடுத்த நாள் ஆள் எதற்கு வருவார் என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்குப் பதில் கண்ட ஊர் எங்களுக்குக் கிட்டவே இருக்கிறது. ஆல்ட்ரிங்கம் 1290இல் சந்தை நடத்த உரிமை பெற்ற பழைய பட்டணம். ஒரு பக்கம் ட்ராஃபர்ட் சென்டர், மறுபக்கம் டிராம் ஏறினால் மான்செஸ்டர். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஏறத்தாழ 30 விழுக்காடு கடைகள் பூட்டிக் கிடந்தன. பேய் நகரம் என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு நகரசபை, விக்டோரியா காலத்துப் பழைய சந்தைக் கட்டடத்தை நிக் ஜான்சன் என்ற கட்டட அபிவிருத்தியாளரிடம் ஒப்படைத்தது. 2014இல் அது சுற்றிவரச் சமையலறைகளும் நடுவில் நீள மேசைகளுமாகத் திறந்தது. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் நிறுவனம் எதற்கும் அதில் இடமில்லை. முன்பின் தெரியாதவர்கள் ஒரே வாங்கில் தோளோடு தோள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிட வந்தவர் சந்தையைச் சுற்றினார்; சுற்றியவர் பக்கத்துத் தெருவுக்கும் போனார். அதே காலத்தில் பஸ், ரயில், டிராம் சேருமிடத்தைச் சீரமைத்தார்கள். 2015இல் புதிய மருத்துவமனைக் கட்டடத்தை ஊருக்கு வெளியே தள்ளாமல் நடுவிலேயே திறந்தார்கள். 2018இல் இங்கிலாந்தின் சிறந்த கடைத்தெரு என்ற பரிசு ஆல்ட்ரிங்கத்துக்குக் கிடைத்தது.

அதைப் பார்த்துவிட்டு எல்லா ஊரும் உணவு மண்டபம் கட்டக் கிளம்பியதில் எனக்குச் சம்மதமில்லை. ஆல்ட்ரிங்கத்தைச் சுற்றி ஹேல், பௌடன் என்று காசுக்காரக் குடியிருப்புகள் இருக்கின்றன. எங்கள் ஊர்ச் சனத்தின் கையில் அந்தக் காசு இல்லை. நான் அங்கே எடுத்துக்கொள்வது சாப்பாட்டை விட்டுவிட்டு மருத்துவமனையைத்தான். இரத்தப் பரிசோதனைக்கு வருகிற மனுசி கட்டாயம் வருவார், மழையிலும் வருவார், வசதி இல்லாவிட்டாலும் வருவார்.

அதே 2018இல் பிரிட்டன் முழுவதற்குமான பரிசை வென்றது கிரிக்ஹவல் என்ற குட்டி வேல்ஸ் ஊர். அங்கே மூடிய மதுக்கடை ஒன்றைப் பெரிய நிறுவனத்தின் கடையாக மாற்றப் பார்த்தபோது, ஊர்க்காரர்கள் பங்கு போட்டுக் கட்டடத்தையே வாங்கிவிட்டார்கள். கீழே சிறு கடைகள், மேலே வீடுகள். சொந்தக்காரர் ஊரிலேயே இருக்கும்போது வாடகைக் கணக்கும் வேறு மாதிரி ஆகிறது.

பிரெஸ்டன் நகரம் இன்னொரு வழி போனது. 700 மில்லியன் பவுண் கடைத்தொகுதித் திட்டம் 2011இல் கைவிடப்பட்டபிறகு, ஊரில் ஏற்கெனவே இருக்கும் பெரிய நிறுவனங்கள் எங்கே காசு செலவழிக்கின்றன என்று நகரசபை பார்த்தது. கவுன்சில், பல்கலைக்கழகம், பொலிஸ் போன்றவை 2012-13இல் பொருளுக்கும் சேவைக்கும் செலவிட்டதில் பிரெஸ்டனுக்குள் தங்கியது 5 விழுக்காடுதான். பள்ளி மதிய உணவு போன்ற பெரிய ஒப்பந்தங்களைச் சிறு துண்டுகளாக்கியதும் உள்ளூர்ப் பண்ணைக்காரராலும் விலைமனுக் கொடுக்க முடிந்தது. 2016-17இல் அந்த விகிதம் 18ஐத் தொட்டது. ஓட்டை வாளியில் மேலும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஓட்டையை அடைத்தார்கள்.

பூட்டிய கடைகளுக்கும் இப்போது ஒரு சாவி இருக்கிறது. 2024 டிசம்பர் முதல் இங்கிலாந்தின் உள்ளூராட்சி சபைகள், 24 மாதங்களில் 365 நாட்களுக்கு மேல் காலியாக இருந்த கடையின் குத்தகையை ஏலம் விடலாம். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை. சொந்தக்காரருக்கு முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த அறிவித்தலைக் கண்டே சிலர் தாமாக வாடகைக்கு விடக்கூடும். ஆனால் சபை விரும்பினால்தான் இதைப் பயன்படுத்தலாம், கட்டாயம் இல்லை. கேட்க ஆள் இல்லாத ஊரில் சட்டம் புத்தகத்திலேயே இருக்கும்.

கேட்க வேண்டியது வியாபாரிகள்தான். எங்கள் சங்கக் கூட்டங்களில் கார் நிறுத்தும் கட்டணத்தைப் பற்றி நிறையக் கதைக்கிறோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் வைத்தியசாலையை ஊரெல்லைக்கு மாற்றலாமா, நூலகத்தின் நேரத்தைக் குறைக்கலாமா, வங்கிகள் பொதுவாக நடத்தும் கூட்டுக் கிளை எங்கே வரலாம் என்று சபை கருத்துக் கேட்கும்போது வியாபாரிகளின் நாற்காலி காலியாக இருக்கிறது. என் கல்லாவைப் பொறுத்தவரை அந்தக் கூட்டங்கள்தான் வியாபாரக் கூட்டங்கள். புத்தகம் படிக்காத கடைக்காரரும் நூலகத்துக்காகக் கையெழுத்து வாங்க வேண்டும். நூலகத்துக்கு வந்தவர் திரும்பும் வழியில் பால் வாங்குவார்.