காரில் பாட்டுப் பெட்டி: கோளாறு வருவது எங்கே?

காரில் பாட்டு கேட்க யாருக்குத்தான் ஆசை இல்லை?

திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் சுமார் 60 கிலோமீட்டர். குற்றாலமும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். வழியில் பாட்டு இல்லாவிட்டால் குழந்தைகள் சும்மா இருப்பதில்லை. டிரைவருக்கும் கண்ணைச் சுற்றும். அதனால் வாடகைக் கார் ஆனாலும் சரி, சொந்தக் கார் ஆனாலும் சரி, பாட்டுப் பெட்டி இல்லாமல் இருப்பதில்லை. "செட்டு" என்று கடைக்காரர்கள் சொல்லுவது இதைத்தான்.

இந்தச் செட்டை மாட்டியதால் கார் தீப்பிடிக்கும் என்று சொன்னால் நம்ப முடிகிறதா?

நம்பத்தான் வேண்டும். சுண்டு விரல் பருமன்கூட இல்லாத ஒரு வயர் போதும். லட்சக்கணக்கான ரூபாய் காரைச் சாம்பல் ஆக்கிவிடும்.

பாங்கிக்காரரின் கார்

அமெரிக்காவில் சிக்காகோ நகரில் பால் கால்வின் என்று ஒருவர் இருந்தார். காரில் வைக்கும் ரேடியோவை 1930-ம் ஆண்டில் அவருடைய கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டார் காரில் பாடும் பெட்டி. ஆகவே "மோட்டோரோலா" என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் செல்போன் செய்து விற்ற மோட்டோரோலா, இந்தக் கம்பெனிதான்.

இவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கடன் கேட்க ஒரு பாங்கிக்குப் போனாராம். பாங்கிக்காரரின் மனதைக் குளிர வைக்க, அவருடைய காரிலேயே ஒரு ரேடியோவை மாட்டிக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்துக்கொண்டதாம்! கடன் எப்படிக் கிடைக்கும்?

கதை எப்படியோ போகட்டும். கார் ரேடியோ பிறந்த காலத்திலேயே தீப் பயமும் கூடப் பிறந்துவிட்டது.

நெல்லைச் சீமையில் அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்களே குறைவு. காரில் ரேடியோ வைத்திருந்தவர்கள் அதைவிடக் குறைவு. ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டும். அதற்குத் தபால் ஆபீசில் பணம் கட்டவேண்டும். இலங்கை வானொலி இந்தப் பக்கம் கணீரென்று கேட்டது. 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. பிறகு கேசட், பிறகு சி.டி., பிறகு பென் டிரைவ், இப்பொழுது செல்போனில் இருந்தே பாட்டு.

பெட்டி மாறிவிட்டது. ஆனால் பாட்டரியும் வயரும் மாறவில்லை. கோளாறும் அங்கேதான் இருக்கிறது.

வாய்க்காலும் வடிகாலும்

தாமிரபரணித் தண்ணீர் கன்னடியன் கால்வாயில் வருகிறது. மடை வழியாக வயலுக்குள் பாய்கிறது. மிச்சத் தண்ணீர் வடிகால் வழியாக வெளியே போகிறது. வாய்க்காலும் வேண்டும், வடிகாலும் வேண்டும். ஒன்று அடைத்துக்கொண்டாலும் விவசாயிக்குக் கஷ்டம்தான்.

மின்சாரமும் இப்படித்தான். பாட்டரியின் பாசிடிவ் முனையில் இருந்து வயர் வழியாகச் செட்டுக்குப் போகிறது. வேலையை முடித்துவிட்டு நெகடிவ் முனைக்குத் திரும்பி வருகிறது. திரும்பி வருவதற்குக் காரில் நீளமான வயர் கிடையாது. காரின் இரும்பு உடம்பே வயராக வேலை செய்கிறது. இதற்குத்தான் "பாடி எர்த்" என்று பெயர்.

"அண்ணாச்சி, புதுச் செட்டு. பத்தாயிரம் ரூபாய். ஆனால் பாட்டோடு உய்ங் என்று ஒரு சத்தம் வருது. ஆக்சிலேட்டரை மிதிச்சா சத்தம் ஏறுது."

இந்தப் புகார் வராத கடை இல்லை. புதுச் செட்டை மாற்றித் தரும்படி சண்டை போடுகிறவர்களும் உண்டு. செட்டின் மீது பெரும்பாலும் தப்பு இருக்காது. எர்த் வயரைப் பெயிண்டின் மேலேயே வைத்து முடுக்கியிருப்பார்கள். அல்லது துருப்பிடித்த போல்ட்டில் கட்டியிருப்பார்கள். வடிகால் அடைத்துவிட்டது! எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் சத்தம் பாட்டோடு கலந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. செட்டின் கறுப்பு வயரில் இருந்து தனியாக ஒரு வயரை இழுத்து, நேராகப் பாட்டரியின் நெகடிவ் முனையில் தொட்டுப் பார்க்கவேண்டும். சத்தம் நின்றுவிட்டால் எர்த்தில்தான் குற்றம். அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரியும்படி செய்து, இறுக்கிக் கட்டினால் போதும். ஐந்து ரூபாய் உப்புத்தாள் செலவுதான்.

அப்படியும் சத்தம் போகவில்லையா? ஆம்ப்ளிபயருக்குப் போகும் பாட்டு வயரையும் பாட்டரி வயரையும் ஒன்றாகக் கட்டி இழுத்திருப்பார்கள். ஒன்றைக் காரின் இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் கொண்டுபோக வேண்டும்.

மஞ்சளும் சிவப்பும்

செட்டின் பின்னால் கொத்தாக வயர்கள் இருக்கும். பார்த்ததும் பயப்பட வேண்டாம். வெளியில் வாங்கும் செட்டுகளில் பெரும்பாலும் நிறம் ஒன்றுதான்.

மஞ்சள் வயருக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். கடிகாரமும், பிடித்து வைத்த ஸ்டேஷன்களும் இதனால்தான் மறந்துபோகாமல் இருக்கின்றன. சிவப்பு வயருக்குச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரவேண்டும். கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகிய நான்கும் நான்கு ஸ்பீக்கர்களுக்கு. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட வயர் அந்தந்த ஸ்பீக்கரின் நெகடிவ்.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் வேடிக்கைதான். தினமும் காலையில் கடிகாரம் பன்னிரண்டில் இருந்து தொடங்கும். இரண்டையும் சேர்த்து நேராகப் பாட்டரியில் கட்டினாலோ, சாவியை எடுத்த பிறகும் செட்டு அணையாது. அணைக்க மறந்தால் காலையில் செல்ப் எடுக்காது. சின்னக் காரின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி அளவுதான் இருக்கும். மணிக்கு ஒன்று இரண்டு ஆம்பியர் வீதம் இரவு முழுவதும் போனால் என்ன மிஞ்சும்? அம்பாசமுத்திரத்தில் முகூர்த்தத்துக்குக் கிளம்பிய குடும்பம் வாசலில் நின்று காரைத் தள்ள வேண்டியதுதான்.

மஞ்சள் நிறத்தில் இன்னொன்றும் உண்டு. அது ஆபத்தானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் கப்ளர் இருக்கும். அது ஏர்பேக் வயர். செட்டு மாட்டுகிறவர் அதைத் தொடவே கூடாது.

புதிய கார்களில் வயரை வெட்டவும் கூடாது. காருக்கு ஏற்ற கப்ளர் கடைகளில் கிடைக்கிறது. செருகினால் வேலை முடிந்தது. கம்பெனி வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினால் காரின் வாரண்டிக்கு வம்பு வரும். நெல்லை வெயிலில் அந்த டேப்பின் பசையும் இளகிவிடும். பிறகு வயர் வெளியே தலை நீட்டும்.

சின்னக் கண்ணாடித் துண்டு

தலை நீட்டிய பாசிடிவ் வயர் காரின் இரும்பைத் தொட்டால் என்ன ஆகும்?

கார் பாட்டரி 12 வோல்ட். கையால் தொட்டால் ஷாக் அடிக்காது. அதனால் பயம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இது பெரிய தப்பு. ஷாக் அடிக்காது, ஆனால் எரிக்கும்! நேராக இரும்பைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கண் மூடித் திறப்பதற்குள் வயர் பழுத்துச் சிவக்கும். மேலே உள்ள பிளாஸ்டிக் எரியும். பக்கத்தில் கார்ப்பெட், பஞ்சு மெத்தை. அப்புறம் சொல்ல வேண்டுமா?

இதைத் தடுப்பதற்குத்தான் பியூஸ். அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் அதன் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி உருகி அறுந்துவிடும். மடையை அடைத்ததுபோல் மின்சாரம் நின்றுவிடும். அந்தக் காலத்தில் கண்ணாடிக் குழாயில் வந்தது. இப்பொழுது பிளாஸ்டிக் வில்லையாக வருகிறது. விலை பத்து இருபது ரூபாய்.

செட்டுக்கு 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ் வேண்டும். ஆம்ப்ளிபயருக்குப் பாட்டரியில் இருந்து தனி வயர் இழுத்தால், பாட்டரியில் இருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பலர் இதை ஆம்ப்ளிபயர் பக்கத்தில், டிக்கியில் வைக்கிறார்கள். அதனால் என்ன பிரயோஜனம்? நடுவில் பத்தடி, பன்னிரண்டு அடி வயர் காவல் இல்லாமல் கிடக்கிறது. எஞ்சின் பக்கத்தில் இருந்து அந்த வயர் இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாகத்தான் உள்ளே வருகிறது. அங்கே ரப்பர் வளையம் போடாவிட்டால் தகட்டின் விளிம்பு கத்திபோல் வயரை அறுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் அறுக்காது. ஒரு வருஷத்தில் அறுத்துவிடும்.

பியூஸ் போய்விட்டது என்று சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுகிறவர்கள் உண்டு. 15 இருந்த இடத்தில் 30 போடுகிறவர்களும் உண்டு. பியூஸ் போனால் அது கெட்டுப்போனது என்று அர்த்தம் அல்ல. எங்கோ வயர் தொடுகிறது என்று அர்த்தம்.

ஒரு பக்கம் பாடவில்லை

நான்கு ஸ்பீக்கரில் ஒன்று ஊமையாகிவிட்டது. ஸ்பீக்கரா? செட்டா? வயரா?

பாடுகிற ஸ்பீக்கரைக் கழற்றி, ஊமை ஸ்பீக்கர் இருந்த இடத்தில் மாட்டவேண்டும். பாடினால் பழைய ஸ்பீக்கர் போய்விட்டது. பாடாவிட்டால் வயரில் அல்லது செட்டில் குற்றம். கதவும் காரும் சேரும் இடத்தை முதலில் பார்ப்பது நல்லது. கதவை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வயர் அங்கே மடங்குகிறது. உறை நன்றாக இருக்கும். உள்ளே கம்பி அறுந்திருக்கும். கதவைத் திறந்தால் பாட்டு, மூடினால் மௌனம் என்றால் சந்தேகமே வேண்டாம்.

சில கார்களில் எல்லா ஸ்பீக்கரும் பாடும். ஆனால் பாட்டில் கனம் இருக்காது. தவில் அடி தகரத் தட்டுபோல் கேட்கும். ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். ஒன்று முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கிறது. இதற்குச் சுவர்க் கடிகார பாட்டரி ஒன்று போதும். ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பாட்டரியின் பிளஸ்ஸையும், மைனஸில் மைனஸையும் ஒரு நொடி தொடவேண்டும். தாள் வெளியே தள்ளினால் சரி. உள்ளே இழுத்தால் மாற்றிக் கட்டவேண்டும். ஸ்பீக்கர் வயரைச் செட்டில் இருந்து கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஸ்பீக்கரின் மைனஸ் வயரைக் காரின் உடம்பில் கட்டுவது பழைய காலத்து வழக்கம். அப்போதைய பல செட்டுகளுக்கு அது சரி. இப்போதைய செட்டில் அப்படிக் கட்டினால் உள்ளே இருக்கும் ஐ.சி. எரிந்துபோகும்.

பாபநாசம் தாண்டிக் காரையாறு போகும் மலைப் பாதையில் எப்.எம். கரகரக்கும். அது கோளாறு அல்ல. எப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே நின்றால் என்ன செய்யும்? கீழே இறங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

ஆயிரம் வாட் உண்மையா?

பெட்டியில் "1000 வாட்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். செட்டின் பின்னால் 15 ஆம்பியர் பியூஸ். 12-ஐ 15-ஆல் பெருக்கினால் 180. அதற்கு மேல் பாட்டரியில் இருந்து தொடர்ந்து இழுக்கவே முடியாது. 1000 எங்கே இருந்து வரும்? ஒரு நொடிக்குள் வந்து மறையும் உச்சத்தைச் சொல்லி விற்கிறார்கள். நான்கு ஸ்பீக்கருக்கும் ஆளுக்கு 20 வாட் உண்மையாகக் கிடைத்தாலே குடும்பத்தோடு கேட்கத் தாராளம்.

வெள்ளம் வடிந்த பிறகு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. திருநெல்வேலி ஜங்ஷன் பகுதி தண்ணீரில் நின்றது. வாசலில் நிறுத்திய கார்கள் மூழ்கின.

முழுகிய காரில் சாவியைப் போட்டு, செட்டு பாடுகிறதா என்று பார்ப்பது ஆகாத காரியம். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் காய்ந்த பிறகு பிழைத்திருக்கக்கூடிய பெட்டியும் செத்துப்போகும். முதலில் பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்ற வேண்டும். பாசிடிவை முதலில் கழற்றினால் ஸ்பானர் இரும்பில் பட்டுப் பொறி பறக்கும். பிறகு செட்டை வெளியே எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். கப்ளர்களில் வண்டல் படிந்திருக்கும். செம்புக் கம்பியில் பச்சை பூத்திருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யாமல் மின்சாரம் கொடுக்கக்கூடாது. காகிதக் கூம்பு வைத்த ஸ்பீக்கர் ஊறிவிட்டால் தேறுவது அபூர்வம்.

வெள்ளம் இல்லாத நாளிலும் கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்குகிறது. கண்ணாடி வழியாக வந்து, கதவின் அடியில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக வெளியேறுகிறது. கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைச் சிலர் கிழித்து எறிந்துவிட்டு ஸ்பீக்கர் மாட்டுகிறார்கள். அந்தக் காரைக் குற்றாலச் சாரலில் இரண்டு நாள் நிறுத்தினால் ஸ்பீக்கரும் நனையும், காலடியில் தண்ணீரும் நிற்கும்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று எண்ணுகிறவர்கள் பாலிசியை ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது நல்லது. காரோடு வந்த செட்டு காரின் விலையில் சேர்ந்தது. பிறகு வாங்கி மாட்டிய செட்டும் ஆம்ப்ளிபயரும் அதில் சேராது. அவற்றின் விலையைத் தனியாக எழுதிக் கொடுத்து, அதற்கும் பிரீமியம் கட்டியிருந்தால்தான் பணம் கிடைக்கும். செட்டு வாங்கிய ரசீதைப் பாலிசியோடு சேர்த்து வைக்கவேண்டும்.