டீக்கடையில் கிடைக்கும் இணையம்

நீங்கள் வழக்கமாக டீ குடிக்கும் கடையிலேயே ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் இணையம் விற்கலாம். அதற்குக் கடைக்காரர் உரிமம் எடுக்க வேண்டாம். அரசுக்குக் கட்டணம் கட்டவும் வேண்டாம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டம் இதற்கு வழிசெய்கிறது.

அந்தக் காலத்து எஸ்டிடி பூத் நினைவிருக்கிறதா? வீட்டில் போன் இல்லாதவர்களும் வெளியூருக்குப் பேசினார்கள். பூத் வைத்தவருக்குக் கமிஷன் கிடைத்தது. இதுவும் அதே ஏற்பாடுதான். கடைக்காரர் ஒரு பிராட்பேண்ட் இணைப்பு வாங்கி, வைஃபை பெட்டியைச் சுவரில் மாட்டுகிறார். இப்படிப் பல கடைகளைச் சேர்த்து, கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு நிறுவனம் இருக்கும். நாம் போனில் செயலியை இறக்கி ஓடிபி போட்டால், பக்கத்தில் எங்கெங்கே வைஃபை இருக்கிறது என்று காட்டும். வேண்டிய பேக்கை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

யாருக்கு இது உதவும்? உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். வருமானச் சான்றிதழைப் பதிவேற்ற அவளுக்குத் தேவை அரை மணி நேர நெட். அதற்காக 28 நாள் ரீசார்ஜுக்குச் சில நூறு ரூபாய் புரட்ட வேண்டியிருக்கிறது.

நல்ல திட்டம்தான். ஆனால் 2022க்குள் ஒரு கோடி பொது வைஃபை மையங்கள் வேண்டும் என்று 2018 தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை வைத்த இலக்கில், வந்தவை சில லட்சங்களே. தடையாக நின்றது கடைக்கு வரும் இணைப்பின் விலை. வீடுகளுக்குத் தரும் சாதாரண இணைப்பைத் தராமல், பெரிய நிறுவனங்கள் வாங்கும் லீஸ்டு லைனை எடுக்கச் சொன்னால் டீக்கடைக்காரர் எங்கே போவார்? அதன் விலை பல மடங்கு.

2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கடைக்கு வரும் இணைப்பின் விலைக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு பிளான்களை இந்தக் கடைகளுக்கும் தர வேண்டும். விலை வீட்டுக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. கணக்குப் போடுவோம். வீட்டுக்கு மாதம் 600 ரூபாய் என்றால் கடைக்கு அதிகபட்சம் 1,200. ஒரு நாளைக்கு 40 ரூபாய். ஐந்து ரூபாய் பேக்கை எட்டுப் பேர் வாங்கினால் இணைப்புச் செலவு வந்துவிடும். கணக்கு பார்க்கும் நிறுவனத்தின் பங்குக்கும் கடைக்காரரின் லாபத்துக்கும் அதற்கு மேல் விற்க வேண்டும். ஆள் நடமாட்டமுள்ள பேருந்து நிறுத்தத்தில் இது நடக்கும். சின்னக் கிராமத்தில் கஷ்டம்.

அங்கேதான் அரசு கைகொடுக்க வேண்டும். ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோக 2011இல் தொடங்கிய திட்டம்தான் இன்றைய பாரத்நெட். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கான பணி டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை வரும் கேபிளை அடுத்த தெருவிலுள்ள கடைவரை நீட்டி, முதல் ஓரிரு வருடம் இணைப்பு வாடகையில் ஒரு பகுதியை அரசே ஏற்கலாம்.

இதற்கென்று ஒரு நிதியும் இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தைக் கிராமச் சேவைக்காகச் செலுத்துகின்றன; அது இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்ற பெயரில் சேர்கிறது. நாம் போடும் ஒவ்வொரு ரீசார்ஜிலிருந்தும் போகிற பணம் அது. கிராமத்துக் கடைக்காரர் கைப்பணத்தை இழக்காமல் இந்தச் சேவையை நடத்த, அதிலிருந்து ஒரு பங்கைக் கேட்பது நம் உரிமை.