பூட்டு பத்திரம்தான்... வீடு?

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரியில கோவில்வழி பஸ் ஸ்டாண்ட் பக்கம் போயிருக்கீங்களா பாஸ்? மதுரை, தேனி, திண்டுக்கல் பஸ் உள்ளே நுழையறதுக்குள்ளேயே ஜன்னல் வழியா துண்டு, கட்டைப்பை, சில சமயம் குழந்தைகூட சீட்டுல உட்கார்ந்திருக்கும்! போனஸ் வாங்கின கையோட பனியன் கம்பெனி ஜனம் மொத்தமும் ஊருக்குக் கிளம்பற நேரம் அது. 2024-25ல் கிட்டத்தட்ட 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு பின்னலாடை ஏற்றுமதி செஞ்ச திருப்பூர், அடுத்த ஒரு வாரம் ஓவர்லாக் மெஷின் சத்தமே இல்லாம தூங்கும்.

அவங்க கிளம்பிட்டாங்க, சரி. அவங்க வீடு?

பத்து வீடு வரிசையா இருக்கற லைன்ல எட்டு வீடு ஒரே ராத்திரியில காலி. எட்டு கதவுலயும் எட்டு பூட்டு. காலண்டர் நம்ம வீட்டுல மட்டும் இல்லீங்க, திருடன் வீட்டுலயும் தொங்குது!

எங்க லைன்லயே நடந்த கதை இது. ஃப்ளாட்லாக் டெய்லர் அக்கா ஒருத்தங்க, தீபாவளிக்குத் தேனி போயிட்டு ஆறாம் நாள் திரும்பினாங்க. கதவுல பூட்டு பூட்டினபடியே தொங்குது. ஆனா கதவு திறந்து கிடக்குது! பூட்டை யாரும் தொடவே இல்லை. பூட்டு மாட்டற நாதாங்கியை, ஸ்க்ரூவோட சேர்த்துக் கதவுல இருந்து நெம்பி எடுத்துட்டாங்க. பீரோ சாவி? வழக்கம்போல பீரோ மேலேயே! ரெண்டு வருஷம் சீட்டுப் போட்டு வாங்கின ஒன்றரைப் பவுன் செயின் போயிடுச்சு. மக காலேஜ் ஃபீஸுக்குன்னு வச்சிருந்தது.

இதுல என்னை ரொம்ப உறுத்தின விஷயம் வேற. அந்த ராத்திரி லைன்ல ஆள் இருந்தாங்க. கடைசி வீட்டுல ஒடிசா பசங்க ரெண்டு பேர். டிக்கெட் கிடைக்காம ஊருக்குப் போகலை. சத்தமும் கேட்டிருக்கு. "அக்கா வந்தாச்சுன்னு நினைச்சோம்"னு தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னாங்க. தப்பு அவங்களோடதா? அக்கா என்னிக்குப் போறாங்க, என்னிக்கு வர்றாங்கன்னு அவங்ககிட்ட யாருமே சொல்லலையே! ஒரு வருஷமா ஒரே குழாய்ல தண்ணி பிடிக்கறோம், ஆனா பேர்கூடக் கேட்டதில்லை.

பூட்டுக்கு ஒரு இன்ஜினீயரிங் கிளாஸ்

திண்டுக்கல் பூட்டு தெரியும்ல? 2019ல் புவிசார் குறியீடு வாங்கின கைவேலை. மாங்காய்ப் பூட்டு அதுல ரொம்ப ஃபேமஸ். நெம்புகோல்கள் அதிகமா இருந்தா, கள்ளச்சாவி போட்டுத் திறக்கறது கஷ்டம். ஆனா ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல படிச்சதை நினைச்சுப் பாருங்க. சங்கிலியோட பலம் அதோட வீக்கான கண்ணியோட பலம்தான். அறுநூறு ரூபா பூட்டை அரை இஞ்ச் ஸ்க்ரூ போட்ட நாதாங்கியில மாட்டினா, அது அரை இஞ்ச் ஸ்க்ரூவோட பலம்தான்!

அதனால பூட்டை மாத்தறதுக்கு முன்னாடி நாதாங்கியைப் பாருங்க. கதவைத் தாண்டி உள்பக்கம் நட் போட்டு முறுக்கின போல்ட்டா இருக்கணும். முடிஞ்சா கதவுக்குள்ளேயே பொருத்தற பூட்டு நல்லது. காரணம் சிம்பிள். வெளியே தொங்கற பூட்டு "உள்ளே ஆள் இல்லை"ன்னு போர்டு மாட்டின மாதிரி. உள்பூட்டு அதை வெளியே சொல்லாது.

வாசல்ல மூணு நாள் பேப்பர், நாலு நாள் குப்பை, பகல்லயும் எரியற லைட்... இதெல்லாமும் போர்டுதான். "ஊருக்குப் போறோம், யாஹூ..."ன்னு கிளம்பும்போதே ஸ்டேட்டஸ் போடறீங்க பாருங்க, அது ஃப்ளெக்ஸ் பேனர்! போட்டோவைத் திரும்பி வந்து போடுங்க. லைக் எங்கேயும் ஓடிப்போகாது.

ஸ்டேஷனுக்கு ஒரு நடை

போலீஸ் ஸ்டேஷன்னா நமக்கு ஒரு உதறல். ஆனா ஒவ்வொரு பண்டிகைக்கும் போலீஸே கேட்டுக்கறது இதுதான்: வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் போனா ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போங்க. 2014ல் இருந்து திருப்பூர் மாநகரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனரேட் இருக்கு. வடக்கு, தெற்கு, அனுப்பர்பாளையம், வீரபாண்டி, நல்லூர்... உங்க வீடு எந்த லிமிட்னு முதல்ல தெரிஞ்சு வச்சுக்கங்க. முகவரி, போற தேதி, வர்ற தேதி, போன் நம்பர்... ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தா போதும். ராத்திரி ரோந்து வர்றவங்களுக்கு எந்தக் கதவைப் பார்க்கணும்னு தெரியும்.

நகை? பேங்க் லாக்கர் கிடைச்சா விடாதீங்க. 2022 ஜனவரியில இருந்து அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, தீ விபத்து, வங்கி ஊழியர் மோசடியால லாக்கர்ல இருக்கறது போனா, வருஷ வாடகையில 100 மடங்கு வரைக்கும் வங்கி பொறுப்பு. மார்க் ஷீட்டையும் சும்மா விட்டுட்டுப் போகாதீங்க. 2015ல் வந்த டிஜிலாக்கர்ல உங்க சான்றிதழ்களை இறக்கி வச்சுக்கங்க. லேப்டாப் சீரியல் நம்பர், போன்ல *#06# அடிச்சா வர்ற ஐ.எம்.இ.ஐ. நம்பர் ரெண்டையும் குறிச்சு மெயில்ல போட்டு வைங்க. தொலைஞ்சா புகார்ல எழுத முதல்ல தேவைப்படறது அதுதான்.

திருடன் மட்டுமா வருவான்?

நம்ம ஊர்ல தண்ணி எப்ப வரும்னு பார்த்துப் பார்த்து டிரம், குடம், பக்கெட் எல்லாத்துலயும் பிடிச்சு வைக்கறோம். தீபாவளி நேரம்னா வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துக்கும். டெங்கு பரப்பற ஏடிஸ் கொசு முட்டையில இருந்து பறக்கற கொசுவா மாற ஏழுல இருந்து பத்து நாள் போதும். கரெக்டா உங்க லீவு அளவு! கிளம்பும்போது பக்கெட்டைக் கவிழ்த்து வைங்க, டிரம்மைத் துணி கட்டி மூடுங்க, ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கற தண்ணித் தட்டைக் காலி பண்ணுங்க.

குழாயையும் ஒரு தடவை பார்த்துடுங்க. தண்ணி வராத நேரத்துல திறந்து பார்த்துட்டு அப்படியே விட்டுட்டுப் போனா, நீங்க ஊர்ல இருக்கும்போது வீட்டுக்குள்ள நொய்யல் ஓடும்!

கேஸ் அடுப்பை மட்டும் அணைச்சா போதாது, சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடணும். சமையல் கேஸ் காற்றைவிட கனமானது, கசிஞ்சா தரையோட தங்கிடும். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் நாத்தம் அடிச்சா, லைட் ஸ்விட்ச்சைத் தொடாதீங்க. கதவு, ஜன்னலைத் திறந்துட்டு வெளியே வந்து 1906க்குப் போன் பண்ணுங்க.

ஃப்ரிட்ஜுக்கு ஒரு சின்ன ட்ரிக். கிளாஸ்ல தண்ணி ஊத்தி உறைய வச்சு, ஐஸ் மேல ஒரு ரூபா காயினை வச்சுட்டுப் போங்க. திரும்பி வரும்போது காயின் அடியில கிடந்தா, நடுவுல ரொம்ப நேரம் கரண்ட் போயிருக்குன்னு அர்த்தம். உள்ளே இருக்கறதைக் குப்பையில போடுங்க. ஃப்ரிட்ஜே காலியா? ஆஃப் பண்ணி கதவைக் கொஞ்சம் திறந்து வைங்க, பூஞ்சை பிடிக்காது.

"பத்து நாள்தானே"ன்னு நினைக்காதீங்க. 2020 மார்ச்ல ஊருக்குப் போனவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க. ஊரடங்கு வந்து, மாசக்கணக்குல திரும்ப முடியலை.

ஒருவேளை நடந்துட்டா...

பதறி உள்ளே ஓடாதீங்க. ஆள் இன்னும் உள்ளேயே இருக்கலாம். எதையும் தொடாதீங்க, கைரேகை அழிஞ்சுடும். வெளியே நின்னு 100 இல்லைன்னா 112க்கு அடிங்க. புகார் கொடுத்தா எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமா கொடுக்கணும்னு சட்டமே சொல்லுது. கூச்சப்படாம கேட்டு வாங்குங்க.

அந்த அக்கா கதைக்கு வருவோம். செயின் இன்னும் கிடைக்கலை. மக ஃபீஸை வட்டிக்கு வாங்கித்தான் கட்டினாங்க. ஆனா அடுத்த தீபாவளிக்குக் கிளம்பும்போது, நேரா கடைசி வீட்டுக் கதவைத் தட்டினாங்க. கையில ஒரு தூக்குல அதிரசம், ஒரு துண்டுச் சீட்டுல போன் நம்பர். "திங்கக்கிழமை காலையிலதான் வருவேன் தம்பி. அதுக்கு முன்னாடி சத்தம் கேட்டா அது நான் இல்லை"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. பசங்க தினமும் ராத்திரி அக்கா வாசல் லைட்டைப் போட்டு, காலையில அணைச்சாங்க. ஜூன்ல ஒடிசாவுல ரஜ பண்டிகை. அதுக்குப் பசங்க ஊருக்குப் போனப்போ, அவங்க கதவை அக்கா பார்த்துக்கிட்டாங்க. பகல் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் மாத்தற மாதிரி!

நல்ல பூட்டு வாங்குங்க, நாதாங்கியை மாத்துங்க, ஸ்டேஷன்ல சொல்லுங்க. எல்லாம் செஞ்சுட்டு, பக்கத்து வீட்டுக் கதவையும் ஒரு தடவை தட்டுங்க. அவங்க பேர் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?

தெரியலைன்னா, பேக்கிங்கை அங்கிருந்து ஆரம்பிங்க பாஸ்!