கடலுக்கடியில் இருந்து பேசினால் மேலே கேட்குமா? 'மத்ஸ்யா 6000'-க்கு காட்டுப்பள்ளியில் வந்த சிக்கல்

கடலுக்கு அடியில் 6,000 மீட்டர் ஆழம். 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியம் உருண்டைக்குள் 3 பேர். அவசரம் என்றால் 96 மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் ஏதாவது ஆச்சுன்னா மேலே நிற்கும் கப்பலுக்கு எப்படி சொல்வாங்க?

இந்தக் கேள்விக்கு 2025 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் விடை தேடினார்கள். 'சமுத்ரயான்' திட்டத்துக்காக சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் 'மத்ஸ்யா 6000', அங்கே ஆட்களோடும் ஆளில்லாமலும் மூழ்கி எழுந்தது. குரல்வழித் தொடர்பு மட்டும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. துறைமுகத்தில் ஆழம் குறைவு என்பதே காரணம் என மத்திய அரசு விளக்கியது.

ஆழம் குறைஞ்சா ஈஸிதானே?

அதுதான் இல்லை! செல்போன் சிக்னல் உப்புத் தண்ணீரில் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும். எனவே ஒலிதான் ஒரே வழி. கடலில் ஒலி விநாடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும். 6,000 மீட்டரில் இருந்து "கேக்குதா?" என்றால் மேலே போக 4 விநாடி, பதில் வர இன்னொரு 4 விநாடி.

இந்தத் தாமதத்தைக்கூட பொறுத்துக்கலாம், எதிரொலிதான் வில்லன். இதே மாவட்டத்தின் திருவாலங்காடு கோயில் போல ஒரு கல் மண்டபத்தில் மைக் அறிவிப்பைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வார்த்தை மேலே இன்னொரு வார்த்தை ஏறி உட்காரும். துறைமுகத்திலும் அதே கதை: தண்ணீர் மேற்பரப்பு, தரை, சுவர் என எல்லாவற்றிலும் ஒலி மோதித் திரும்பும். 15 மீட்டர் சுற்றி வந்தாலே 10 மில்லி விநாடி தாமதம். குரல் குழறாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு படகு இன்ஜின் சத்தம், படபடவென வெடிக்கும் ஒருவகை இறால்களின் சத்தம் வேறு.

எப்படி பிரித்தெடுக்கிறார்கள்?

முதலில் சத்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் படமாக்குவார்கள். இன்ஜின் எங்கே, இறால் எங்கே, குரல் எங்கே என்று அதில் தெரியும்.

அடுத்ததுதான் சுவாரஸ்யம். பேச்சுக்கு முன்பே, குயில் கூவுவது போல ஏறிக்கொண்டே போகும் ஒரு ஒலியை அனுப்புவார்கள். அதன் அச்சு மேலே இருக்கும் கணினியிடமும் உண்டு. வந்து சேர்ந்த சத்தத்தின் மீது அந்த அச்சை நகர்த்திப் பொருத்திப் பார்த்தால், எதிரொலி எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு லேட், எவ்வளவு பலம் என எல்லாம் வெளிவந்துவிடும். அந்தக் கணக்கை வைத்து எதிரொலிகளைக் கழித்துவிடலாம். கப்பல் அலையில் ஆடுவதால் சுருதி மாறும், அதையும் திருத்தணும்.

சுனாமி எச்சரிக்கை மிதவைகளும் ஒலியைத்தான் நம்புகின்றன. கடல் தரையில் இருக்கும் அழுத்தமானி ஒலி மூலம் மிதவைக்குத் தகவல் தரும், மிதவை அதை செயற்கைக்கோளுக்கு அனுப்பும். ஆனால் அது வெறும் எண்கள், பிழை வந்தால் திரும்ப அனுப்பலாம். மனிதக் குரலுக்கு அந்த வசதி கம்மி.

ஆழ்கடலில் ஒலி நேர் மேலே வரும், பக்கத்தில் சுவர் இல்லை, எதிரொலி குறையும். பதிலுக்கு தூரம் கூடக்கூட சிக்னல் மெலியும். அதனால்தான் குரல்வழித் தொடர்பை அதிக ஆழத்தில் மறுபடி சோதிக்கணும் என்று அரசு அறிக்கையே சொன்னது.