எந்த முறை, யாருக்கு?

காப்பர் டி என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது நர்சம்மாவிடம் ஒன்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக்கில் ஆங்கில டி எழுத்து. உயரம் 36 மில்லிமீட்டர், அகலம் 32. தண்டைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். இரண்டு கைகளிலும் ஆளுக்கொரு செம்புக் காப்பு. தண்டிலுள்ள செம்பின் பரப்பு 314 சதுர மில்லிமீட்டர், காப்புகளில் 33, 33. கூட்டினால் 380. அட்டையில் ‘380ஏ’ என்று அச்சிட்டிருப்பது இந்தக் கணக்கைத்தான்.

செம்புக்கு அங்கே என்ன வேலை? 1960-களின் இறுதியில் ஹோவர்ட் டேட்டம் என்ற அமெரிக்க மருத்துவர் கருப்பையின் வடிவத்துக்குப் பொருந்தும்படி பிளாஸ்டிக் டி ஒன்றைச் செய்தார். உறுத்தல் குறைந்தது, ஆனால் கரு தங்குவது நிற்கவில்லை. வெறும் டியை வைத்துக்கொண்ட 100 பெண்களில் ஓராண்டில் சுமார் 18 பேர் கருவுற்றார்கள். அதே சமயத்தில் சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர், முயலின் கருப்பையில் செம்புக் கம்பி வைத்தால் கரு தங்குவதில்லை என்று கண்டிருந்தார். இருவரும் சேர்ந்து டியில் செம்பைச் சுற்றினார்கள். 200 சதுர மில்லிமீட்டர் செம்பு ஏறியதும் அந்த 18 என்ற எண் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

கம்பியிலிருந்து நுண்ணிய அளவில் கரையும் செம்பு அயனிகள், கருப்பையின் ஈரத்தையே விந்தணுவுக்கு ஒவ்வாததாக மாற்றிவிடுகின்றன. நீந்தி வரும் விந்தணு தளர்ந்து, முட்டையை எட்டுமுன்பே செயலிழக்கிறது. ‘தங்கிய கருவை அது கலைக்கிறது’ என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல, பெரும்பாலும் கரு உருவாவதற்கே அது இடம் கொடுப்பதில்லை. 380ஏ வகை பத்தாண்டு வேலை செய்யும். எடுத்துவிட்டால் அடுத்த மாதமே கரு தங்கலாம்.

நம் பாட்டிமார் இதை இன்றும் ‘லூப்’ என்றே சொல்வார்கள். அவர்கள் சொல்வது செம்பே இல்லாத, பாம்புபோல வளைந்த லிப்பிஸ் லூப்பை. 1965-இல் அரசு அதை நாடெங்கும் கொண்டுவந்தது. உதிரப்போக்கு, வயிற்று வலி, தானாக விழுந்துவிடுவது என்று புகார்கள் வந்தன. வைத்துவிட்டவர்கள் திரும்பி வந்து பார்க்காததால் புகார் வதந்தியாயிற்று, சில ஆண்டுகளிலேயே லூப் பெயர் கெட்டது. கருவியின் குறை பாதி. வைத்த பிறகு விசாரிக்க ஆள் இல்லாதது மீதி என்பது என் எண்ணம்.

விசாரிக்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் திண்டுக்கல்லிலேயே சான்று இருக்கிறது. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், மதுரைச் சாலையில், 1947 அக்டோபரில் காந்திகிராமத்தைத் தொடங்கியவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். இளம் வயதில் கணவரை இழந்து, பிறகு டெல்லியில் மருத்துவம் படித்தவர். காந்தியைக் குருவாகக் கொண்டவர். காந்தியோ 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்த மார்கரெட் சாங்கரிடம் கருத்தடைச் சாதனங்களை ஏற்க மறுத்து, புலனடக்கமே வழி என்று வாதாடினார். அந்த மகாத்மாவின் பெயரைத் தாங்கிய இடத்தில், அவருடைய சிஷ்யையின் முயற்சியில், குடும்பக் கட்டுப்பாட்டுப் பணி வேர்பிடித்தது. பிரசவத்துக்குப் பிரசவம் மெலிந்துபோகும் தாய்மார்களைக் கண்ணெதிரே பார்த்த ஒரு மருத்துவருக்கு வேறு வழி தோன்றியிருக்காது.

1959-இல் ஆத்தூர் ஒன்றியத்தில் முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் அல்ல, மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1964-இல் இதற்கென்றே காந்திகிராம கிராமிய சுகாதார நிறுவனம் உருவாயிற்று. வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். ஒரு செவிலியரால் உண்மையில் எத்தனை வீட்டைப் பார்க்க முடியும் என்று அளந்து வேலையைப் பிரித்தார்கள். அந்தந்த ஊரில் யார் சொன்னால் எடுபடும் என்று கண்டறிந்து அவர்கள் வழியாகப் பேச்சைக் கொண்டுபோனார்கள். தொடங்கும்போது ஆயிரம் பேருக்கு 40-க்கு மேல் இருந்த பிறப்பு விகிதம், பத்தாண்டு முடிவதற்குள் 30-க்குக் கீழே இறங்கியது. புது மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த முறைகளைப் பற்றி நம்பிக்கையான ஆள் உட்கார்ந்து பேசினார், அவ்வளவே.

அந்தப் பேச்சு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. எதுவுமே பயன்படுத்தாத 100 தம்பதிகளில் ஓராண்டில் சுமார் 85 பேருக்குக் கரு தங்கும். மாத்திரையை ஒருநாளும் தவறாமல் விழுங்கினால் அது ஒன்றுக்கும் கீழே. ஆனால் மனிதர்கள் நிஜமாக விழுங்குகிற விதத்தில் 7. ஆணுறைக்கு அப்பழுக்கற்ற கணக்கு 2, நடைமுறைக் கணக்கு 13. காப்பர் டிக்கு இரண்டுமே ஒன்றுக்குக் கீழே, ஏனென்றால் வைத்த பிறகு நினைவில் வைத்திருக்க எதுவும் இல்லை. ஒரு முறை எவ்வளவு ‘நல்லது’ என்று கேட்பதைவிட, அது நம் அன்றாடத்திடம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையை எடுத்துக்கொள்வோம். 28 மாத்திரைகள். முதல் 21-இல் ஹார்மோன். அது மூளையடிச் சுரப்பியை அமர்த்தி, சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறாமல் தடுக்கிறது. கடைசி ஏழும் வேறு நிறம், அவை வெறும் இரும்புச் சத்து. ரத்தசோகை மிகுந்த நாட்டில் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அந்த ஏழு நாளில் ஹார்மோன் இல்லாததால் உதிரம் வருகிறது. பலர் அட்டையின் நடுவில் ஒன்றை மறந்தால் பதறுகிறார்கள். அதைவிட ஆபத்து, அட்டை முடிந்து அடுத்ததைத் தொடங்க இரண்டு மூன்று நாள் தாமதிப்பது. ஏழு நாள் ஓய்வு பத்து நாளாக நீண்டால் சினைப்பை விழித்துக்கொள்கிறது.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வாராவாரம் ஷிப்ட் மாறி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ‘தினமும் ராத்திரி படுக்கப்போகும் முன்’ என்ற அறிவுரை பொருந்துமா? அவருக்கு இரவே வாரத்துக்கொரு நேரத்தில் வருகிறது. மூன்று மாதத்துக்கொரு முறை போடும் அந்தரா ஊசி அவருக்கு எளிதாக இருக்கலாம். மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் இருக்காது. ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதம் தாமதமாகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஏற்கெனவே மாதவிலக்கில் மிகுதியாக உதிரம் போய் ரத்தசோகையில் இருப்பவருக்குக் காப்பர் டி அதை இன்னும் கூட்டக்கூடும். ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கும், கண்முன் மின்னல் தெறித்து ஒற்றைத் தலைவலி வருபவருக்கும் மாலா-என் போன்ற மாத்திரை ஆகாது.

பால் கொடுக்கும் தாய்க்குக் கணக்கு வேறு. ‘பால் கொடுக்கிற வரைக்கும் தங்காது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு, மூன்று நிபந்தனைகளோடு: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு முறை வேண்டும். முதல் ஆறு மாதத்தில் மாலா-என் தவிர்க்கப்பட வேண்டியது. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தில் பிறந்து, இன்று ‘சாயா’ என்ற பெயரில் அரசு தரும் மாத்திரையில் ஹார்மோன் இல்லை. பால் கொடுப்பவரும் எடுக்கலாம். முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர் டியையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கான சம்மதத்தைப் பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணிடம் கேட்பது நியாயமே அல்ல. ஏழாம் மாதப் பரிசோதனையில் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டிய பேச்சு அது.

நாள் கணக்குப் பார்ப்பதை நம்பி இருப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: விந்தணு உள்ளே ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். பால்வினை நோயையும் சேர்த்துத் தடுப்பது இத்தனையிலும் ஆணுறை ஒன்றுதான்.

இனி நிரந்தர முறை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பலர் இருபதுகளின் நடுவிலேயே. ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1960-களில் மதராஸ் மாநிலத்தில் இந்த ஆபரேஷன் பெரும்பாலும் ஆண்களுக்கே நடந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-77-இல், நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் அதிகமான ஆபரேஷன்கள். முக்கால் பங்கு ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயப்படுத்தி. அந்தக் கசப்புக்குப் பின் அரசுகள் ஆண்களை விட்டுப் பெண்கள் பக்கம் திரும்பின. வற்புறுத்தல் செய்த தவறின் சுமையை, அதில் பங்கே இல்லாத மகள்களும் பேத்திகளும் சுமக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

உடலைப் பொறுத்தவரை ஆணுக்குச் செய்வதே எளிது. பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து உள்ளே போக வேண்டும். ஆணுக்கு விந்துக் குழல்கள் தோலுக்கு அடியிலேயே இருக்கின்றன. சீனாவில் லி ஷுன்சியாங் 1974-இல் உருவாக்கிய முறையில் கத்தியே கிடையாது; மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பைத் தோலில் சிறு துளையிட்டு, குழலை வெளியே எடுத்துத் துண்டித்துக் கட்டுகிறார்கள். தையல் இல்லை. அரை மணிக்குள் முடிந்து அன்றே வீட்டுக்குப் போகலாம். ‘பலம் போய்விடும், மூட்டை தூக்க முடியாது’ என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஆண் ஹார்மோன் அந்தக் குழல் வழியாகப் போவதே இல்லை, ரத்தத்தில் கலந்து போகிறது. விந்தின் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவதால் அதன் அளவும் கண்ணுக்குத் தெரியும்படி குறையாது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. குழலில் ஏற்கெனவே இருக்கும் விந்தணுக்கள் தீர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறையோ வேறு முறையோ வேண்டும். மூன்றாம் மாதம் விந்துப் பரிசோதனை செய்து, அணுக்கள் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே அதை நிறுத்தலாம்.